வியாபாரப் படிப்பா, வருணாசிரமப் படிப்பா?

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வியாபாரம் செய்யக் கற்றுக் கொடுக்க வேண்டும் என்பதாக ஒரு பேச்சு சில வருஷங்களாக நம் நாட்டில் பலமாக அடிபட்டு வருகிறது. இதற்குத் தமிழில் 'தொழில் முனைவு' என்றும், இங்கிலீஷில் 'என்டர்பிரனர்ஷிப்' என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை நாலைந்து பேராகக் கோஷ்டி சேர்த்து, கையில் கொஞ்சம் முதலைக் கொடுத்து, என்ன சரக்குச் செய்யலாம், யாருக்கு விற்கலாம், என்ன விலை வைக்கலாம் என்று அவர்களையே திட்டம் போடச் சொல்லி, அவர்களையே விற்கச் சொல்லி, கடைசியில் அவர்களையே கணக்கும் எழுதிக் காட்டச் சொல்லுவதுதான் இந்தப் படிப்பின் சாரம்.

இதை ஆதரிக்கலாமா, எதிர்க்கலாமா என்பது இன்று பிள்ளை பெற்ற ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டிய கேள்வி. யார் கற்றுக் கொடுக்கிறார்கள், எதற்காகக் கற்றுக் கொடுக்கிறார்கள், எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்தத் தொழிலைக் கொடுக்கிறார்கள் என்கிற மூன்றையும் விசாரிக்காமல் இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லுகிறவன் ஒன்று ஏமாந்தவனாயிருக்க வேண்டும், அல்லது ஏமாற்றுகிறவனாயிருக்க வேண்டும். ஏனெனில், பள்ளிக்கூடத்தில் தொழில் என்கிற பெயரை வைத்துக் கொண்டு நம் தலையில் கல்லைப் போட வந்தவர்களை நாம் ஏற்கனவே இரண்டு தடவை பார்த்திருக்கிறோம்.

பழைய கதை

முதல் தடவை 1937-ல் பார்த்தோம். அவ்வருஷம் அக்டோபரில் வார்தாவில் காந்தியார் தலைமையில் ஒரு மகாநாடு கூடி, ஜாகீர் உசேன் அவர்கள் தலைமையில் ஒரு கமிட்டியைப் போட்டு, ஒரு கல்வித் திட்டம் வகுத்தார்கள். ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களையெல்லாம் அதன் மூலமாகவே கற்றுக் கொடுப்பது என்பது அதன் தத்துவம். அதுவரையில் கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. ஆனால், பிள்ளைகள் செய்த சாமான்களை விற்றே பள்ளிக்கூடம் தன் செலவைத் தானே பார்த்துக் கொள்ள வேண்டும் என்பதும் காந்தியாரின் விருப்பமாயிருந்தது. அதாவது சர்க்கார் கொடுக்க வேண்டிய வாத்தியார் சம்பளத்தை ஏழு வயதுப் பிள்ளை ராட்டை சுற்றிச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும் என்பதுதானே இதன் அர்த்தம்? வரி வாங்குகிறது சர்க்கார், நூல் நூற்கிறது குழந்தையா என்று கேட்டால் அதற்கு என்ன பதில்?

இரண்டாம் தடவை 1953-ல் பார்த்தோம். சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாயிருந்த இராஜகோபாலாச்சாரியார் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி வேளையில் பிள்ளைகள் தங்கள் தங்கள் அப்பன் செய்கிற தொழிலைப் போய்க் கற்றுக் கொள்ளட்டும் என்றார். சவரத் தொழிலாளியின் பிள்ளை கத்தி பிடிக்கவும், வண்ணான் பிள்ளை வெள்ளாவி வைக்கவும், தோட்டியின் பிள்ளை மலக்கூடை தூக்கவும் கற்றுக் கொள்ளும். ஆனால் வக்கீல் வீட்டுப் பிள்ளையும் ஜட்ஜு வீட்டுப் பிள்ளையும் பட்டணத்தில் இருந்தபடியால் அந்தத் திட்டம் அவர்களைத் தொடவேயில்லை! இதற்குக் 'குலக் கல்வி' என்று பெயர் வைத்து நாடே திரண்டு எதிர்த்தது. 1954-ல் ஆச்சாரியார் பதவியை விட்டுப் போனார். பின்பு வந்த காமராஜர் அதே வருஷத்தில் அந்தத் திட்டத்தையும் குழியில் போட்டு மூடினார்.

இந்தக் கதையை எதற்காகச் சொல்லுகிறோம் என்றால், செத்துப் போனது என்று நாம் நினைத்தது அடிக்கடி வேறு வேஷத்தில் எழுந்து வருவதால் சொல்லுகிறோம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தினார்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று முன்வாசலில் எழுதினார்கள். ஆனால் பள்ளி விட்ட பிற்பாடும் விடுமுறை நாட்களிலும் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவி செய்யலாம் என்று பின்வாசலைத் திறந்து வைத்தார்கள். நம் நாட்டில் குடும்பத் தொழில் என்றால் ஜாதித் தொழில் என்பது சட்டம் எழுதினவர்களுக்குத் தெரியாதா? அன்றியும் 2023 செப்டம்பரில் மத்திய சர்க்கார் 'விசுவகர்மா' என்கிற தேவலோகத் தச்சன் பெயரால் ஒரு திட்டம் கொண்டு வந்தார்கள். தச்சன், கொல்லன், குயவன், செருப்புத் தைப்பவர், சலவைத் தொழிலாளி, சவரத் தொழிலாளி முதலிய 18 தொழில்களில், குடும்ப வழியாக வந்த கைத்திறமையையும் குரு சிஷ்ய பரம்பரையையும் வலுப்படுத்துவதாகச் சொன்னார்கள். 18 வயதானவன் சேரலாம் என்றார்கள். 18 வயது என்பது காலேஜ் வாசற்படியில் கால் வைக்கிற வயதல்லவா? அந்த வயதில், 'வா தம்பி, உன் பாட்டன் பிடித்த கத்தியைப் பிடி, ஒரு லட்சம் கடன் தருகிறோம்' என்று கூப்பிடுவது எதற்காக? வயதை 35 ஆக்க வேண்டும், குடும்பத் தொழிலாயிருக்க வேண்டும் என்கிற நிபந்தனை கூடாது என்று தமிழ்நாட்டு சர்க்கார் 2024-ல் எழுதிக் கேட்டு, அது ஒப்புக் கொள்ளப்படாமற் போகவே, 2025-ல் ஜாதி வழியைப் பாராத ஒரு கைவினைத் திட்டத்தைத் தாங்களே ஏற்படுத்திக் கொண்டார்கள்.

ஆகவே, 'பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக் கொடுக்கிறோம்' என்று எவர் வந்து சொன்னாலும், 'ஐயா, எந்தத் தொழிலை? அவன் அப்பன் தொழிலையா, அவன் இஷ்டப்பட்ட தொழிலையா?' என்று கேட்பது நமது முதல் கடமையாகும்.

வெளிநாட்டிலும் டில்லியிலும் நடந்தது

நிற்க. மாணாக்கர் வியாபாரம் என்பது இன்று நேற்று முளைத்ததல்ல. 1919-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு என்கிற ஊரில் 'ஜூனியர் அச்சீவ்மெண்ட்' என்று ஒரு ஸ்தாபனம் தொடங்கினார்கள். தொடங்கியவர்கள் ஒரு காகித ஆலை முதலாளி, ஒரு டெலிபோன் கம்பெனித் தலைவர், ஒரு மாஜி செனட்டர் ஆகிய மூவர். பிள்ளைகள் கூடி ஒரு சின்னக் கம்பெனி அமைப்பார்கள். பங்கு விற்று முதல் திரட்டுவார்கள். ஒரு சாமானைச் செய்து விற்பார்கள். வருஷ முடிவில் கணக்கை முடித்துப் பங்குதாரர்களுக்கு லாபத்தைப் பிரித்துக் கொடுத்துக் கம்பெனியைக் கலைத்து விடுவார்கள். இந்த ஏற்பாடு பல நாடுகளுக்கும் பரவியிருக்கிறது.

நம் நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது டில்லி சர்க்கார். 2019-ல் அங்குள்ள சர்க்கார் பள்ளிகளில் தொழில் முனைவு மனப்பான்மை என்று ஒரு பாடத்தை வைத்தார்கள். பிறகு ஒரு பள்ளியில் பிள்ளைக்கு 1,000 ரூபாய் கொடுத்துச் சோதித்துப் பார்த்து, 2021-ல் 'பிசினஸ் பிளாஸ்டர்ஸ்' என்கிற பெயரால் 11, 12-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தலைக்கு 2,000 ரூபாய் வீதம் முதல் கொடுத்தார்கள். சுமார் மூன்று லட்சம் பிள்ளைகளுக்கென்று 60 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அந்தப் பிள்ளைகளில் அனேகர் ரிக்ஷா இழுப்பவன் பிள்ளை, வீட்டு வேலை செய்கிறவள் பிள்ளை, தெருவில் காய்கறி விற்கிறவன் பிள்ளை. பணக்காரன் பிள்ளைக்குத் தகப்பன் கொடுக்கிற முதலை ஏழையின் பிள்ளைக்குச் சர்க்கார் கொடுத்தது என்பதில் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது என்பதை நாம் தாராளமாக ஒப்புக் கொள்ளுகிறோம்.

ஏனென்றால், நம் நாட்டில் வியாபாரம் தெரியாதவன் ஏழையல்ல. முதல் இல்லாதவன் ஏழை. ரயிலிலே முறுக்கு விற்கிற பையனுக்கு எந்த ஸ்டேஷனில் எத்தனை பொட்டலம் போகும், எந்தப் பெட்டியில் குழந்தை குட்டிகள் அதிகம், மிச்சமானால் எங்கே தள்ளிவிடலாம் என்பதெல்லாம் அத்துபடி. ஆனால் அவனை என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்? 'படிக்காமல் கெட்டுப் போன பயல்' என்கிறோம். பெரிய பணக்காரப் பள்ளியிலே வருஷத்துக்கு ஒரு நாள் பந்தல் போட்டு, வீட்டு வேலைக்காரி பிழிந்து கொடுத்த எலுமிச்சம்பழ ரசத்தை டம்ளர் 50 ரூபாய்க்குத் தன் சொந்தக்காரர்களுக்கே விற்கிற பையனை என்னவென்று அழைக்கிறோம்? 'வருங்காலத் தொழிலதிபர்' என்று போட்டோ பிடிக்கிறோம்! ஒரே வேலைக்கு இரண்டு பெயர் வைக்கிற நாட்டில் படிப்பு மாத்திரம் ஒன்றாக எப்படி இருக்கும் என்று கேட்கின்றோம்.

'அவாள் ரத்தத்தில் இருக்கிறது'

இந்தப் படிப்புக்கு முதல் விரோதி யாரென்றால், 'வியாபாரம் என்பது சில ஜாதிக்காரர்களுக்கு ரத்தத்திலேயே ஊறினது. மற்றவர்களுக்கு அது வராது' என்று சொல்லுகிற ஆசாமிதான். இதை வைதீகர் மாத்திரமல்ல, கோட்டு மாட்டிக் கொண்டிருக்கிற பெரிய படிப்பாளிகளும் சொல்லுகிறார்கள். ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கிற ஆஸ்பத்திரிகள் ஊரூருக்கு இருக்கின்றன. அதிலே சர்க்கரை தெரிகிறது, உப்புத் தெரிகிறது, மலேரியாக் கிருமி தெரிகிறது. மளிகைக் கடை தெரிந்ததாக இதுவரை எந்த டாக்டராவது எழுதிக் கொடுத்ததுண்டா?

ரத்தத்தில் இருப்பதாகச் சொல்லப்படுவது உண்மையில் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். செட்டியார் பிள்ளைக்குப் பத்து வயதிலேயே கல்லாப்பெட்டி பக்கத்தில் இடம் கிடைக்கிறது. சிட்டை எழுதுவதும், பேரேட்டில் ஏற்றுவதும், ஐந்தொகை போடுவதும் கண்ணுக்கெதிரே நடக்கிறது. மாமன் கடையில் கடனுக்குச் சரக்கு கிடைக்கிறது. நஷ்டம் வந்தால் சித்தப்பன் தூக்கி விடுகிறான். கடை வைக்கக் கடைவீதியில் இடம் கிடைக்கிறது. பள்ளன் பறையன் சக்கிலியன் என்று ஒதுக்கி வைக்கப்பட்டவன் பிள்ளைக்கு இவற்றில் எது கிடைத்தது? மனுதர்ம சாஸ்திரம் வியாபாரத்தை வைசியனுக்கென்று எழுதி வைத்து, சூத்திரன் சம்பாதிக்கச் சக்தி உள்ளவனாயிருந்தாலும் பொருள் சேர்க்கக் கூடாது என்று பத்தாம் அத்தியாயத்தில் விதித்திருக்கிறது. சக்தி இல்லாதவனுக்கு யாராவது தடை போடுவார்களா? சக்தி இருக்கிறது என்பது எழுதினவனுக்கு நன்றாய்த் தெரிந்ததனால்தானே தடை போட்டான்? ஆகவே, வியாபாரம் ரத்தத்தில் இல்லை என்பதற்கு மனுவே நமக்குச் சாட்சியாக இருக்கிறார்!

இதில் இன்னொரு சங்கதியையும் மறைக்காமல் பேச வேண்டும். பள்ளிக்கூடச் சந்தையில் ஐந்து கோஷ்டி பலகாரக் கடை போடுகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுவோம். அதில் சேரிப் பிள்ளைகள் சுட்ட பணியாரத்தை ஊர்த் தெருக்காரர் வாங்கித் தின்பார்களா? 2018-ல் திருப்பூர் மாவட்டத்து சர்க்கார் பள்ளி ஒன்றில் தாழ்த்தப்பட்ட ஜாதியைச் சேர்ந்த ஒரு அம்மாள் சத்துணவு சமைக்கக் கூடாதென்று ஊரார் சிலர் தகராறு செய்ததும், அதிகாரிகள் அந்த அம்மாளை வேறிடத்துக்கு மாற்ற உத்தரவு போட்டதும், எதிர்ப்புக் கிளம்பின பிறகே அதை ரத்து செய்ததும் பத்திரிகைகளில் வந்த சங்கதிகள். இலவசச் சோற்றுக்கே இந்தக் கதியானால், காசு கொடுத்து வாங்குகிற பணியாரத்துக்கு என்ன கதி?

அப்படிப்பட்ட ஊரிலே அந்தப் பிள்ளைகளின் கடை நஷ்டப்பட்டால், வாத்தியார் வந்து 'உன் விளம்பரம் போதாது, உன் தன்னம்பிக்கை போதாது' என்று உபதேசம் செய்வது அயோக்கியத்தனமல்லவா? அந்த நஷ்டத்துக்குக் காரணம் ஜாதி என்று கணக்குப் புத்தகத்திலே எழுத வைக்க வேண்டும். எத்தனை பேர் கடைப்பக்கம் வந்தார்கள், எத்தனை பேர் பக்கத்துக் கடைக்கு விலகிப் போனார்கள் என்று பிள்ளைகளையே எண்ண வைக்க வேண்டும். ஜாதி என்பது சாஸ்திர விஷயம் மாத்திரமல்ல, அது அணா பைசாவிலே தெரிகிற நஷ்டம் என்பது அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்குப் புரியும், பெற்றவர்களுக்கும் புரியும்.

பூசணிக்காயும் பேரேடும்

இந்தப் படிப்பில் நமக்கு மிகவும் பிடித்தது எதுவென்றால், அது மூட நம்பிக்கைக்கு வைக்கப்பட்ட உலையாக இருப்பதுதான். நம் வியாபாரிகளைப் பாருங்கள். கணக்குப் புத்தகத்தின் தலையிலே பிள்ளையார் சுழி. கல்லாவுக்கு மேலே லக்ஷ்மி படம். வாசலிலே எலுமிச்சம்பழமும் மிளகாயும். அமாவாசைக்கு நடுரோட்டிலே உடைத்த பூசணிக்காய். அதில் வழுக்கி விழுந்தவனுக்கு ஆஸ்பத்திரி. வருஷத்துக்கு ஒரு நாள் அட்சய திருதியை என்று நகைக்கடைக்காரன் விளம்பரம் செய்கிறான். வாங்குகிறவனுக்கு அன்று பொன் பெருகுகிறதோ இல்லையோ, விற்கிறவனுக்குப் பெருகுவது நிச்சயம்!

பம்பாய்ப் பங்குச் சந்தையிலே தீபாவளியன்று ஒரு மணி நேரம் முகூர்த்த வியாபாரம் என்று நடத்துகிறார்கள். 1957-லிருந்து நடத்தி வருகிறார்கள். முகூர்த்தம் தவறாமல் பார்த்த அந்தச் சந்தைதான் 1992-ல் ஹர்ஷத் மேத்தா ஊழலில் கவிழ்ந்தது. அன்றைக்கு லக்ஷ்மி எங்கே போயிருந்தாள்? கவிழ்த்ததும் பாங்கு ரசீது மோசடி, கண்டுபிடித்ததும் கணக்குத்தான். பஞ்சாங்கம் அதில் எந்தப் பக்கமும் பிரயோஜனப்படவில்லை.

ஆகையால் நாம் ஒரு யோசனை சொல்லுகிறோம். ஒரு பள்ளியில் இருபது கோஷ்டிகள் இருந்தால், சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பத்து கோஷ்டிகளை வெள்ளிக்கிழமை 10.30-க்கு மேல் 12-க்குள் நல்ல ராகு காலத்தில் கடை திறக்கச் சொல்லுங்கள். மற்றப் பத்து கோஷ்டிகளை ஜோசியர் குறித்துக் கொடுக்கிற நல்ல வேளையில் திறக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு மாதம் எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே மாதிரி சரக்கை விற்கட்டும். மாதக் கடைசியில் இருபது பேரேட்டையும் கரும்பலகையில் எழுதிக் கூட்டிப் பார்க்கட்டும். ராகு எந்தப் பேரேட்டில் எத்தனை ரூபாயை விழுங்கினான் என்பது தெரிந்து விடுமல்லவா? இதற்கு நாத்திகப் பிரசங்கம் வேண்டாம். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். நாம் நூறு மேடையில் தொண்டை கிழியப் பேசிச் செய்கிற வேலையை ஒரு மாதக் கணக்கு சத்தமில்லாமல் செய்து விடும்.

வியாபாரத்தில் நஷ்டம் வந்தால் 'தலையெழுத்து' என்று சொல்லுகிறவன் அடுத்த மாதமும் நஷ்டப்படுவான். 'சரக்கை அதிகம் வாங்கி விட்டேன், மழை நாளில் பனிக்கட்டி விற்கப் போனேன், கடனுக்குக் கொடுத்ததை வசூலிக்கவில்லை' என்று காரணத்தைத் தேடுகிறவன்தான் திருந்துவான். காரணத்தைத் தேடுவதற்குப் பெயர்தானே பகுத்தறிவு?

லாபம் எங்கிருந்து வந்தது?

இனி நம் தோழர்களிலேயே சிலர் சொல்லுகிற ஆட்சேபணையைப் பார்ப்போம். 'வியாபாரம் என்றாலே கொள்ளை. லாபம் என்றாலே இன்னொருவன் உழைப்பைத் திருடுவது. பிஞ்சு வயதிலேயே பிள்ளைக்கு முதலாளி புத்தியைப் புகட்டலாமா?' என்பது அவர்கள் கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் திருட்டு எப்படி நடக்கிறது என்று தெரியாதவன் திருடனைப் பிடிக்க முடியுமா? லாபத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பிள்ளை தன் கையாலேயே பிரித்துப் பார்க்கட்டும் என்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து பிள்ளைகள் ஆளுக்கு 200 ரூபாய் முதலோடு 1,000 ரூபாயில் மஞ்சள் பை வியாபாரம் தொடங்குகிறார்கள். துணிக்கு 600, பக்கத்து வீட்டு அம்மாளுக்குத் தையல் கூலி 300, நூலுக்கும் அச்சுக்கும் 100. ஐம்பது பை ஆயிற்று. அடக்க விலை பைக்கு 20 ரூபாய். 25 ரூபாய் வைத்து விற்றதில் 40 பை போயிற்று, 10 பை மிச்சம். கையிலே 1,000 ரூபாய் இருக்கிறது.

'போட்ட பணம் வந்து விட்டது, லாபமில்லை' என்பான் ஒரு பையன். அது தப்பு. விற்ற 40 பையின் அடக்கம் 800, வரவு 1,000, ஆகவே லாபம் 200. மிச்சச் சரக்கு 200 ரூபாய் பெறும். கையிருப்பும் சரக்கும் சேர்ந்து 1,200. சரி, 200 ரூபாய் லாபம் என்று எல்லோரும் கை தட்டுவார்கள். அதுவும் தப்பு. இந்தப் பைகளை வெட்டுவதற்கும் விற்பதற்கும் ஐந்து பிள்ளைகளும் மூன்று நாள், நாளைக்கு இரண்டு மணி வீதம் உழைத்தார்களே, அந்த 30 மணி உழைப்புக்குக் கூலி எங்கே? மணிக்கு வெறும் 10 ரூபாய் வைத்தாலும் 300 ஆகிறதே! அப்படியானால் 200 ரூபாய் லாபமல்ல, 100 ரூபாய் நஷ்டம். இதுவரை லாபமாகத் தெரிந்தது என்ன? கொடுக்காமல் விட்ட கூலி!

இந்த ஒரு கணக்கைத் தன் கையால் போட்ட பிள்ளை, நாளைக்கு எந்த மில் முதலாளி 'உன் நன்மைக்காகத்தான் கூலியைக் குறைக்கிறேன்' என்று சொன்னாலும் நம்புவானா? தன் தகப்பன் இரவு பகலாகப் பெட்டிக் கடையில் உட்கார்ந்து 'லாபம்' என்று எடுத்து வருவது அவனுடைய கூலிதான் என்பதும், அதிலும் வட்டிக்காரன் பாதியைக் கொண்டு போகிறான் என்பதும் அவனுக்குத் தெரியாமற் போகுமா? பை தைத்துக் கொடுத்த அம்மாளுக்குப் பைக்கு 6 ரூபாய் போதுமா என்ற கேள்வியும் வகுப்பிலே வந்தே தீரும். வர வேண்டும். முதலாளிகள் ஏற்படுத்திய பாடம் என்பதற்காக, பாடத்தை முதலாளிகளுக்கே விட்டு விடுவது புத்திசாலித்தனமாகாது.

அன்றியும் முதலாளி, கூலியாள் என்கிற இரண்டே வழிதான் உலகத்தில் உண்டு என்று பிள்ளைகளை நினைக்க விடக் கூடாது. 1844-ல் இங்கிலாந்து தேசத்து ராச்டேல் என்ற ஊரிலே 28 பேர், நெசவாளர்களும் மற்றத் தொழிலாளிகளுமாக, ஆளுக்கு ஒரு பவுன் போட்டு 28 பவுன் முதலில் ஒரு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி இவ்வளவுதான் சரக்கு. கலப்படமில்லாத பொருள், சரியான எடை, ரொக்க வியாபாரம், ஆளுக்கு ஒரு ஓட்டு, வாங்கின அளவுக்கு லாபத்தில் பங்கு என்று விதி செய்து கொண்டார்கள். உலகமெங்கும் உள்ள கூட்டுறவு இயக்கம் அந்தக் கடையைத்தான் தன் முன்மாதிரி என்று சொல்லுகிறது. நெசவாளியால் முடிந்தது மாணாக்கனால் முடியாதா? ஒரு பள்ளிக்கு ஒரு கூட்டுறவுக் கடை வைத்து நோட்டும் பேனாவும் விற்கப் பிள்ளைகளைப் பழக்கினால், அதில் வியாபாரமும் உண்டு, ஜனநாயகமும் உண்டு.

பெண் பிள்ளைகள்

மற்றொரு விஷயம். இந்தக் கோஷ்டிகளில் 'மானேஜர்' யார், 'பொட்டலம் மடிப்பவர்' யார் என்று பாருங்கள். சமைப்பதும் மடிப்பதும் தைப்பதும் பெண் பிள்ளைக்கு. கல்லாவும் பேச்சும் கடைவீதியும் ஆண் பிள்ளைக்கு என்று ஆகிவிட்டால், வீட்டில் நடக்கிற அடிமைத்தனத்தைப் பள்ளியிலும் ஒத்திகை பார்ப்பதாகத்தானே அர்த்தம்? 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கித் தமிழ்நாடெல்லாம் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களிலே எழுத்து வாசனை அதிகமில்லாத தாய்மார்கள் பத்தும் ஐம்பதுமாகச் சேர்த்து, கடன் கொடுத்து, வசூலித்து, தீர்மானப் புத்தகம் எழுதி வந்திருக்கிறார்கள். தாய் பாங்கியில் போய்க் கையெழுத்துப் போடுகிறாள். மகள் கடைவீதிக்குப் போனால் மானம் போய்விடுமா? ஆகவே, கோஷ்டிக்குக் கோஷ்டி கல்லாப் பொறுப்பும், கொள்முதல் பொறுப்பும், கணக்குப் பொறுப்பும் முறை வைத்து எல்லோர் கைக்கும் மாறி மாறி வர வேண்டும். பணத்தை எண்ணிப் பழகின பெண்ணை எவனும் சுலபத்தில் அடிமை கொள்ள முடியாது.

வேலை கேட்டால் கடை வைக்கச் சொல்லுவதா?

கடைசியாக சர்க்காருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக் கொடுப்பதைச் சாக்காக வைத்துக் கொண்டு, 'இனிமேல் உத்தியோகம் கேட்காதே, நீயே பத்துப் பேருக்கு உத்தியோகம் கொடு' என்று உபதேசம் செய்கிறார்கள். நூற்றுக்கு நூறு பேரும் முதலாளி ஆகிவிட்டால் வேலை செய்கிறவன் யார் என்று இவர்கள் யோசித்ததுண்டா? காலங்காலமாக ஒரு கூட்டத்தார் தாசில் முதல் ஐக்கோர்ட்டு வரை உட்கார்ந்து பென்ஷன் வாங்கினார்கள். அப்பொழுதெல்லாம் உத்தியோகம் உத்தமமாயிருந்தது. இட ஒதுக்கீட்டினால் நம் பிள்ளைகள் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்த பிறகு, உத்தியோகம் அடிமைத்தனம், வியாபாரமே சுதந்திரம் என்று சொல்லுவது எவ்வளவு பெரிய சூழ்ச்சி! கடை வைக்கத் தெரிந்து கொள்ளுவது எங்கள் பிள்ளைக்கு இன்னொரு கையாக இருக்க வேண்டுமே தவிர, இருக்கிற கையை வெட்டுவதற்குக் காரணமாக இருக்கக் கூடாது.

அன்றியும் மேடையிலே ஏற்றி, டெலிவிஷனிலே காட்டி, ஜெயித்த பிள்ளையைக் கொண்டாடுகிறீர்களே, தோற்ற பிள்ளையின் கணக்கை எந்த மேடையில் படித்தீர்கள்? கொடுத்த முதல் நஷ்டமானால் பிள்ளையின் வீட்டுக்குக் கடன்காரன் வராதபடி செய்வதுதான் பள்ளிக்கூடத்தின் தர்மம். பள்ளியிலே தோற்கக் கற்றுக் கொண்டவனே வெளியிலே நிற்பான். பள்ளி விட்டு வெளியே வந்த பிறகும் முதல் கொடுக்க ஆளில்லாவிட்டால் கற்றது வீண். தாழ்த்தப்பட்டவர்கள் தொழில் தொடங்க 35 சதவிகித மானியத்தோடு தமிழ்நாட்டில் 2023-ல் அண்ணல் அம்பேத்கர் பெயரால் கொண்டு வந்தது போன்ற திட்டங்கள் இந்த வழியில் வேண்டியவை. படிப்பு ஒரு கால், முதல் ஒரு கால். ஒற்றைக் காலில் ஓடச் சொல்லுவது பந்தயமாகாது.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே! 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும்; குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அந்தக் குழுவிலே போய் உட்காருங்கள். டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் பள்ளியில் தொழில் முனைவு என்று ஏதாவது நடக்கிறதானால், எழுந்து நின்று கேளுங்கள்.

எந்தப் பிள்ளைக்காவது அவன் ஜாதித் தொழிலைக் கொடுத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். படிப்பு நேரத்தில் ஒரு மணியாவது இதற்காக வெட்டப்பட்டதா என்று கேளுங்கள். வந்த லாபம் பிள்ளைக்கா, பள்ளிக் கட்டிடத்துக்கா என்று கேளுங்கள். பிள்ளையின் உழைப்புக்குக் கணக்கிலே கூலி எழுதினீர்களா என்று கேளுங்கள். கல்லாவில் பெண் பிள்ளை உட்கார்ந்தாளா என்று கேளுங்கள். கடை திறக்கப் பூஜை போட்டீர்களா, அந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதினீர்கள் என்றும் கேளுங்கள்.

இவற்றுக்கு நேரான பதில் வருமானால் அந்தப் படிப்பை இரண்டு கையாலும் ஆதரியுங்கள். உங்கள் பிள்ளை சோப்பு விற்கட்டும், பை விற்கட்டும், பழைய புத்தகம் விற்கட்டும். நஷ்டப்பட்டு வந்தாலும் திட்டாதீர்கள், கணக்கைக் கொண்டு வரச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பதில் கோணலாக வருமானால், 1954-ல் குழியில் போட்டது மறுபடியும் கையை நீட்டுகிறது என்று அர்த்தம். அந்தக் கையில் உங்கள் பிள்ளையின் விரலைக் கொடுக்காதீர்கள்.